வெல்டிங் செட்டுக்குள் சமையல் எண்ணெய்: மூன்றாவது முறைதான் நின்றது

போன வாரம் அந்த வெல்டிங் செட்டின் மூடியைக் கழற்றினேன். மூடி சீல் போட்டுச் சரியாக ஒரு வருடம். டார்ச் அடித்துப் பார்த்தால் காயிலின் மேல் சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. எண்ணெய் நிற்கும் மட்டத்தில், தொட்டியின் உள்சுவரில் விரலை வைத்துத் தேய்த்தேன். வழுக்கியது, ஒட்டவில்லை. அந்த ஒரு சோதனைக்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருந்தேன். இனி எழுதலாம் என்று தோன்றியது.

எனக்குக் காங்கேயம் பக்கத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. சுற்றிலும் கொப்பரைக் களங்கள், எண்ணெய் மில்கள். ஒரு மில்லில் ஆயில் கூல்டு வெல்டிங் செட் ஒன்று இருந்தது. 300 ஆம்ப்ஸ், 415 வோல்ட்டில் இரண்டு ஃபேஸ், காப்பர் காயில், அது மூழ்கி ஆற 45 லிட்டர் டிரான்ஸ்பார்மர் ஆயில் (பெட்ரோலியத்தில் இருந்து எடுப்பது). கன்வேயர் சட்டத்தில் விரிசல் விட்டால் செட்டைக் களத்துக்கே உருட்டிக்கொண்டு போய் வெல்டிங் வைப்பார்கள். அப்படி ஒரு நாள் டேப் போர்டின் (ஆம்ப்ஸைக் கூட்டிக் குறைக்கும் முனைகள் உள்ள பலகை) கேஸ்கட் இற்றுப்போய், காயவைத்திருந்த கொப்பரை மேல் ஆயில் ஓடிவிட்டது. இரண்டு மூட்டைக் கொப்பரையைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். தின்கிற பொருள், வேறு வழியில்லை.

செட்டைப் பட்டறைக்குக் கொண்டுவந்த மில்காரத் தம்பி கேட்டதுதான் ஆரம்பம்: "ஏனுங்ணா, இதுக்குள்ள நம்ம எண்ணெயவே ஊத்துனா ஆகாதுங்களா? ஒழுகுனாலும் எண்ணெய் மேல எண்ணெய்தானுங்களே."

ஆகும் என்பது எனக்குத் தெரியும். டிரான்ஸ்பார்மருக்கென்றே தாவர எண்ணெய்கள் விற்பனையில் இருக்கின்றன. சோயாவிலிருந்து எஃப்ஆர்3, ஓலிக் அமிலம் கூடிய சூரியகாந்தியிலிருந்து பயோடெம்ப். அவற்றுக்குச் சர்வதேச மின்தர அமைப்பான ஐஇசியின் 62770 என்று தனித் தர விதியே உண்டு. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தேங்காய் எண்ணெயை டிரான்ஸ்பார்மருக்குப் பார்த்து 2001ல் கட்டுரையும் வாசித்திருக்கிறார்கள். தீப்பிடிக்கும் விஷயத்திலும் லாபம்தான். டிரான்ஸ்பார்மர் ஆயில் 170 டிகிரிக்குள் தொடர்ந்து எரிய ஆரம்பித்துவிடும். தாவர எண்ணெய்க்கு 300 டிகிரிக்கு மேல் போக வேண்டும். தேங்காய் மட்டையும் நாரும் குவிந்து கிடக்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது 415 வோல்ட் வெல்டிங் செட்டில் செய்த வேலை. 11,000 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் கடை எண்ணெயை ஊற்றுகிற யோசனை யாருக்கும் வரக் கூடாது.

முதல் முறை: தேங்காய் எண்ணெய்

ஐப்பசியில் ஆரம்பித்தேன். மில்லில் இருந்தே 45 லிட்டர் வந்தது. பழைய ஆயிலை வடித்து, காயிலை வெளியே தூக்கி, ஒரு நாள் முழுக்கச் சொட்ட விட்டேன். அப்புறம் வார்னிஷ் காயவைக்கும் சூட்டடுப்புக்குள் (அவன்) வைத்து 95 டிகிரியில் இரண்டு நாள். இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் 40 மெகா ஓம் காட்டிய காயில், அவனில் இருந்து வந்து ஆறியபின் 200ஐத் தாண்டியது.

எண்ணெயின் மின்தாங்கும் சக்தியைப் பார்க்க பிடிவி (பிரேக்டவுன் வோல்ட்டேஜ்) கிட் வேண்டும். திருப்பூரில் டிரான்ஸ்பார்மர் ரிப்பேர் செய்யும் நண்பரிடம் 60 கேவி, அதாவது 60,000 வோல்ட் கிட் இருக்கிறது. கண்ணாடிக் கோப்பைக்குள் இரண்டு பித்தளைக் குமிழ்கள், நடுவே 2.5 மி.மீ. இடைவெளி. கோப்பையில் எண்ணெய் ஊற்றி, நொடிக்கு 2 கேவி வீதம் ஏற்றிக்கொண்டே போவது. எங்கே பொறி பாய்கிறதோ அதுதான் கணக்கு. ஆறு முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். புது டிரான்ஸ்பார்மர் ஆயில் என்றால், வடிகட்டிக் காயவைக்கும் முன்பே 30 கேவி தாங்க வேண்டும்.

மில் தேங்காய் எண்ணெய் அப்படியே ஊற்றியபோது 16 கேவி. அண்டாவில் 110 டிகிரிக்குச் சூடாக்கி ஆறு மணி நேரம் வைத்து, 5 மைக்ரான் ஃபில்டர் வழியாக இரண்டு முறை விட்டபிறகு 38. அதுவே பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

அமிலக் கணக்கை அன்றைக்கு நான் எடைபோட்டது தப்பு. எண்ணெய் மில்லில் எஃப்எஃப்ஏ (எண்ணெயில் தனியாகப் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலம்) பார்க்காத நாளே கிடையாது. ப்யூரெட், பினாப்தலின், இளஞ்சிவப்பு தட்டியதும் நிறுத்து, அவ்வளவுதான். அந்த எண்ணெய்க்கு 0.9 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். தேங்காய் எண்ணெய்க்கு லாரிக் அமிலக் கணக்கு என்பதால் 2.81ஆல் பெருக்கினால் அமில எண் (ஒரு கிராம் எண்ணெயின் அமிலத்தை அடக்க எத்தனை மில்லிகிராம் காரம் வேண்டும் என்பது) வரும்: 2.5. ஐஇசி விதி கேட்பது அதிகபட்சம் 0.06. நாற்பது மடங்கு. காகிதத்தில் எழுதிப் பார்த்தேன், 415 வோல்ட்தானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. மார்கழியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மில்லில் இருந்து போன். செட் போட்டு அரை மணி நேரத்தில் டேப் போர்டு பக்கம் எண்ணெய் பீய்ச்சுகிறது என்றார்கள்.

போய்ப் பார்த்தபோது எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடியில் வெள்ளையாக, கட்டியாக இருந்தது. மார்கழியில் தலைக்கு வைக்கும் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடப்பது நமக்குத் தெரியாததா? 24 டிகிரிக்குக் கீழே போனால் அது அப்படித்தான். எங்கள் பக்கம் விடியற்காலையில் 19 வரை இறங்கும். உறைந்தாலும் செட் ஓடும்போது உருகிவிடும் என்று நினைத்திருந்தேன். உருகியது, ஆனால் காயிலைச் சுற்றி மட்டும். மேலே நாலு விரல் கனத்துக்கு உறைந்த எண்ணெய் மூடிபோல நின்றுகொண்டது. உருகிய எண்ணெய் விரிவதற்கு மேலே இடமில்லை, பக்கவாட்டில் இருந்த புது கேஸ்கட்டைத் தள்ளிவிட்டது. மேல் மூடியில் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும், உள்ளே காயில் கொதித்துக்கொண்டிருக்கும். வெப்பமானியை மேல்புறம்தான் ஒட்டியிருந்தேன் என்பதால் அது 22 டிகிரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

வடித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எண்ணெயில் மெல்லிய பச்சை ஓடியிருந்தது. வயர் முனைகளில் மாட்டும் காப்பர் லக்குகளை அமிலம் தின்ற நிறம் அது. 2.5 என்ற எண்ணைத் தள்ளிவிட்டதற்கான பதில்.

வடித்த எண்ணெய் டின்களில் சிவப்பு பெயிண்டால் "தின்ன அல்ல" என்று நாலு பக்கமும் எழுதினேன். அதில் பழைய டிரான்ஸ்பார்மர் ஆயிலின் மிச்சம் கலந்திருக்கும். எவ்வளவு வடித்தாலும் காயிலுக்குள்ளும் இன்சுலேஷன் அட்டைக்குள்ளும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். சென்ட்ரிங் பலகைக்குத் தடவ ஒரு மேஸ்திரி எடுத்துக்கொண்டார். இதைச் செய்ய நினைக்கிற யாரும் இந்த எழுத்து வேலையை மறக்கக் கூடாது. பார்க்கச் சமையல் எண்ணெய் மாதிரியே இருக்கும் என்பதுதான் இதில் ஆபத்து.

நடுவில் ஒரு பாட்டில் சோதனை

இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஊறுகாய் பாட்டில்கள் ஆறு எடுத்தேன். ஒவ்வொன்றிலும் 300 மில்லி எண்ணெய், சுரண்டிய காப்பர் கம்பி ஒரு சாண், பிரஸ்போர்டு என்கிற இன்சுலேஷன் அட்டை ஒரு துண்டு. தேங்காய், மரச்செக்குக் கடலை, ரீஃபைண்ட் சூரியகாந்தி என்று மூன்று எண்ணெய், ஒவ்வொன்றிலும் ஒன்று திறந்தது, ஒன்று மூடியது. அவனில் 95 டிகிரியில் பன்னிரண்டு நாள்.

தேங்காய் எண்ணெய் திறந்திருந்தும் கெட்டியாகவில்லை. பச்சை மட்டும் ஏறியிருந்தது. செக்குக் கடலை எண்ணெயில் திறந்தது, மூடியது இரண்டிலும் அடியில் பழுப்பு வண்டல். அதை அன்றே கைவிட்டேன். மூடிய சூரியகாந்தி போட்ட மாதிரியே இருந்தது, நிறம் ஒரு படி கூடியிருந்தது, அவ்வளவுதான். திறந்த சூரியகாந்தியில் மேலே தோல் படர்ந்திருந்தது. பால் ஏடு மாதிரி ஊசியால் தூக்கினால் தூக்க வந்தது.

அயோடின் எண்ணைப் பார்த்தாலே இதைச் சொல்லியிருக்கலாம். தேங்காய் எண்ணெய்க்கு 10க்குள், கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99 வரை, சூரியகாந்திக்கு 100க்கு மேல். எண் கூடக் கூடக் காற்றோடு சேர்ந்து காயும் குணமும் கூடும். ஆளி விதை எண்ணெய் பெயிண்டுக்குப் போவது அதனால்தான். அந்தத் தோலை நான் கையில் தூக்கிப் பார்த்தேன். பார்த்தும், செட் 60, 65 டிகிரியில்தானே ஓடும், இது 95 டிகிரியில் இரவும் பகலும் வெந்த எண்ணெய் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டாம் முறை: சூரியகாந்தி, பழைய மூடியோடு

தை கடைசியில் 15 லிட்டர் டின் மூன்று வாங்கினேன், டின் 2,150 ரூபாய். டின்னில் ஐஎன்எஸ் 319 என்று அச்சிட்டிருப்பதைத் தேடி எடுத்தேன். அது டிபிஎச்க்யூ, எண்ணெய் காற்றில் கெடுவதைத் தள்ளிப்போடும் சேர்மானம். எஃப்எஃப்ஏ 0.08. இதற்கு ஓலிக் அமிலக் கணக்கு, 1.99ஆல் பெருக்கினால் 0.16. இதுவும் 0.06க்கு மேல்தான். ஆனால் 2.5ல் இருந்து 0.16க்கு வந்திருக்கிறோம். கடை எண்ணெயில் இதற்குக் கீழே கிடைப்பது கஷ்டம்.

முல்தானி மட்டியால் இன்னும் இறக்கப் பார்த்தேன். பழைய டிரான்ஸ்பார்மர் ஆயிலைச் சுத்தம் செய்ய ஃபுல்லர்ஸ் எர்த் போடுவார்கள், நாட்டு மருந்துக் கடையில் முகத்துக்கு விற்பதும் அதே இன மண்தான். 120 டிகிரியில் நாலு மணி நேரம் காயவைத்து, 5 லிட்டர் எண்ணெய்க்கு 150 கிராம் போட்டுக் கலக்கி வடித்தேன். அமில எண் 0.09 ஆனது. ஆனால் மண்ணின் நுண்துகள் 5 மைக்ரான் ஃபில்டரைத் தாண்டி வந்து பிடிவியை 19க்கு இறக்கிவிட்டது. 1 மைக்ரான் காட்ரிஜில் மூன்று முறை விட்டுத்தான் மீட்டேன். 45 லிட்டருக்கும் அந்தப் பாடு படத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

பிடிவி கிட்டில் இந்த முறை ஒரு குழப்பம் வந்தது. அண்டாவில் காயவைத்து வடிகட்டிய எண்ணெய் 17 கேவி காட்டியது. டின்னைத் திறந்தவுடனே பார்த்தபோது 24 இருந்தது, காயவைத்தால் குறையுமா? நண்பர் கோப்பையின் பின்னால் டார்ச்சைப் பிடித்தார். குமிழ்களுக்கு நடுவே பூசணி விதை அளவில் ஒரு காற்றுக்குமிழி, அதைச் சுற்றி ஊசி முனை அளவில் இன்னும் பத்துப் பதினைந்து. எதுவும் மேலே ஏறாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. டிரான்ஸ்பார்மர் ஆயில் 40 டிகிரியில் 10 சென்டிஸ்டோக் என்றால் சூரியகாந்தி 30க்கு மேல். மூன்று மடங்கு கெட்டி. டிரான்ஸ்பார்மர் ஆயிலுக்கு ஊற்றி ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும், இதற்கு அரை மணி நேரம் வேண்டும். கோப்பைச் சுவரோரமாக ஒழுகவிட்டு, அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். 46 கேவி. பொறி பாய்ந்த இடத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கறுப்பு நூல் நெளிந்து, மெல்லக் கரைந்து போனது.

மெக்கரும் ஒரு முறை பயமுறுத்தியது. பழைய ஆயிலில் 400 மெகா ஓம் காட்டிய அதே காயில், சூரியகாந்தியில் 120. காயிலில் ஈரம் ஏறிவிட்டதோ என்று மறுபடி தூக்கி அவனில் வைக்கப் போனேன். தாவர எண்ணெயின் இயல்பே அப்படி, மின்தடை குறைவாகத்தான் காட்டும். பழைய எண்ணோடு ஒப்பிடாமல், இதை ஊற்றிய நாளின் எண்ணை எழுதி வைத்து அதோடு ஒப்பிட வேண்டும்.

குளிர்ச்சியைத்தான் அதிகம் பயந்தேன், கெட்டியான எண்ணெய் என்பதால். 160 ஆம்ப்ஸில் எட்டாம் நம்பர் ராடு வைத்து மூன்று மணி நேரம், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஆர்க் என்ற கணக்கில் ஓட்டினோம். பட்டறையில் 33 டிகிரி. பழைய ஆயிலில் எண்ணெயின் மேல்மட்டம் 62 டிகிரி, சூரியகாந்தியில் 68.

காயிலின் வெப்பத்தை நேராகத் தொட முடியாது. பிரைமரியின் மின்தடையை வைத்துக் கணக்கிட்டேன். மல்டிமீட்டரின் ஓம் முள்ளெல்லாம் இதற்கு உதவாது. 12 வோல்ட் பேட்டரி, தொடரில் 55 வாட் ஹெட்லைட் பல்பு, காயிலின் இரு முனையில் வோல்ட் மீட்டர், நடுவில் ஆம்ப் மீட்டர். குளிர்ந்திருந்தபோது, 32 டிகிரியில், 0.412 ஓம். ஓட்டி நிறுத்தி, மெயின் வயரை உருவி, ஒன்றரை நிமிடத்துக்குள் அளந்தால் 0.498. காப்பருக்கு 234.5 என்ற எண்ணைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 88 டிகிரி வருகிறது. பழைய ஆயிலில் அதே சோதனை 0.486, அதாவது 80 டிகிரி. எட்டு டிகிரி கூடுதல். இதைத் தாங்கும். மில்லில் ஒரு நாளும் மூன்று மணி நேரம் தொடர்ந்து வெல்டிங் வைப்பதில்லை.

பேட்டரி வயரைக் கழற்றும்போது வெறும் கையால் தொடாதீர்கள். பன்னிரண்டு வோல்ட்தானே என்று முனையைப் பிடித்து உருவினேன், முழங்கை வரை சுள்ளென்று அடித்தது. காயிலில் தேங்கிய காந்தம் அடங்கும்போது தள்ளுகிற வோல்ட்டேஜ் அது. நடுவில் ஒரு சுவிட்சும், காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடும் போட்டுக்கொண்டேன்.

எல்லாம் சரி என்று செட் மில்லுக்குப் போனது. ஆனியில், ஐந்து மாதம் கழித்து, வழக்கமான சோதனைக்கு மூடியைத் திறந்தேன்.

மூடி லேசில் வரவில்லை. நெம்பித் தூக்கினால் தேன்கூட்டைப் பிரிக்கும்போது வருவது போல இழை இழையாக இழுத்துக்கொண்டு வந்தது. தொட்டியின் உள்சுவரில், எண்ணெய் மட்டத்துக்கு மேலே மூன்று விரல் அகலத்துக்குப் பழுப்புப் பிசின். வடைச்சட்டியின் வெளிப்புறத்தில் வருடக்கணக்கில் படிந்து, சோடா போட்டுத் தேய்த்தாலும் போகாதே, அதே பிசின்தான். காயிலின் மேல் தலை எண்ணெய்க்கு வெளியே ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே அது வார்னிஷ் மாதிரி இறுகியிருந்தது. கீழே இருந்த எண்ணெயோ தெளிவாகவே இருந்தது. பிடிவி 37.

அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் தோற்கவில்லை. எண்ணெயும் காற்றும் சூடும் சேர்ந்து நிற்கிற அந்த மெல்லிய படலம்தான் தோற்றது. பாட்டிலில் நான் ஊசியால் தூக்கிய தோல் இதே தோல். வெல்டிங் செட்டின் தகர மூடி ஆறு போல்ட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும். சூடாகும்போது காற்றை வெளியே தள்ளும், ஆறும்போது புதுக்காற்றை, ஈரத்தோடு உள்ளே இழுக்கும். தினமும் ஒரு மூச்சு. டிரான்ஸ்பார்மர் ஆயில் அதைப் பொறுத்துக்கொள்ளும், சூரியகாந்தி பொறுக்காது. அதுவரை நான் எண்ணெயிலேயே கவனமாக இருந்துவிட்டேன். பார்க்க வேண்டியது மூடியை.

மூன்றாம் முறை: மூடி

பிசினைச் சுரண்ட மூன்று நாள். காயிலில் இறுகியிருந்ததை முழுசாக எடுக்கவில்லை. இன்சுலேஷன் கிழிந்துவிடும் என்று, சூடான எண்ணெயில் ஊறவைத்து, வந்த வரைக்கும் துணியால் துடைத்தேன்.

மூடியின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் நடுவில் 2 மி.மீ. வளைவு. தொட்டியின் வாய் 45க்கு 55 சென்டிமீட்டர். வாயைச் சுற்றி ஆங்கிள் வைத்து வெல்டு செய்து, கிரைண்டரில் மட்டம் பார்த்து, 7 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 28 போல்ட். மூடிக்கு 6 மி.மீ. தகடு. கேஸ்கட் 5 மி.மீ. நைட்ரில் கார்க். வாயின் உயரத்தையும் 4 சென்டிமீட்டர் கூட்டினேன், காயிலின் தலை எப்போதும் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்க வேண்டும் என்று.

கசிவு பார்க்க கம்ப்ரசரில் 5 பிஎஸ்ஐ கொடுத்தேன். தொட்டியின் பக்கத் தகடு கண்முன்னே பிதுங்கியது. உடனே காற்றை இறக்கிவிட்டேன். 45க்கு 55 மூடியில் 5 பிஎஸ்ஐ என்றால் 860 கிலோவுக்கு மேல் தள்ளும். கணக்குப் போட்டபிறகுதான் கை நடுங்கியது. 1 பிஎஸ்ஐ கொடுத்துச் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தால் போதும்.

இறுக மூடிவிட்டால் எண்ணெய் விரிய இடம் வேண்டுமே. 45 லிட்டர் எண்ணெய் 50 டிகிரி சூடேறினால் 1.7 லிட்டர் விரியும். மேலே உள்ள காற்று ஒரு லிட்டருக்குக் குறைவாக. மொத்தம் இரண்டரை லிட்டர். இதற்குப் புது பைக் டியூப் ஒன்றை எடுத்து, வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு, மூடியில் வைத்த நிப்பிளோடு ஹோஸில் இணைத்தேன். டியூப் செட்டின் பக்கவாட்டில் ஒரு கூண்டுக்குள் தொங்கும். சூடானால் உப்பும், ஆறினால் சப்பும். வெளிக்காற்று உள்ளே வருவதில்லை.

மேலே நிற்பது சாதாரணக் காற்றாக இருக்கக் கூடாது என்று நைட்ரஜன் போட்டேன். டயர் கடையில் பழைய கார் ஸ்டெப்னி ஒன்றில் 40 பிஎஸ்ஐ நைட்ரஜன் நிரப்பிக் கொண்டுவந்து, அதிலிருந்து செட்டுக்குள் விட்டு, வெளியேற்றி, மறுபடி விட்டு, இப்படி ஆறு முறை. சுத்தமான நைட்ரஜன் இல்லைதான், ஆனாலும் காற்றில் இருக்கிற 21 சதவீத ஆக்சிஜனோடு பார்த்தால் எவ்வளவோ மேல்.

சீல் போட்ட தொட்டிக்குள் ஷார்ட் ஆனால் வாயு அடைத்துக்கொண்டு வெடிக்கும். அதனால் மூடியில் 40 மி.மீ. துளை போட்டு, ரப்பர் கார்க் ஒன்றை அழுத்தி வைத்தேன். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று பழகப் பாதி நாள் ஆனது. 2 பிஎஸ்ஐயில் கார்க் தெறிக்கிற ஆழத்தில் மார்க்கர் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கார்க்குக்கு மேலே கம்பி வலைக் கூண்டு, யார் முகத்திலும் தெறிக்காதபடி.

காயவைப்பதையும் மாற்றினேன். அண்டாவில் 110 டிகிரியில் ஆறு மணி நேரம் திறந்து வைப்பது என்றால் ஈரத்தோடு அந்த 319 சேர்மானத்தையும் பாதி தின்றுவிட்டு உள்ளே அனுப்புவது. ஸ்பிரே பெயிண்ட் பிரஷர் டேங்க் 20 லிட்டர் ஒன்று, ஏசி மெக்கானிக்கிடம் செகண்ட் ஹேண்டில் வாக்குவம் பம்ப் 4,500 ரூபாய்க்கு. வெளியே பேண்ட் ஹீட்டர் சுற்றி 85 டிகிரி. முதல் தவணையில் 15 லிட்டர் ஊற்றிவிட்டேன். வாக்குவம் இழுத்ததும் பால் பொங்குவது போல நுரை எழுந்து ஹோஸ் வழியாகப் பம்புக்குள் போய்விட்டது. பம்ப் ஆயிலை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு தவணைக்கு 9 லிட்டர், இரண்டு மணி நேரம், ஐந்து தவணை. நுரை அடங்கி, மேற்பரப்பில் ஒரு குமிழிகூட வராத வரை விடக்கூடாது. பிடிவி 58. ஆறில் இரண்டு முறை 60 வரை போயும் பொறி பாயவில்லை.

அறை வெப்பத்தில் டிரான்ஸ்பார்மர் ஆயிலில் 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு) அளவுக்குத்தான் தண்ணீர் கரையும். தாவர எண்ணெய் 1,000 பிபிஎம் வரை உள்ளே வைத்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் பிடிவி சட்டென்று விழாது. ஆனால் அந்த ஈரமும் சூடும் சேர்ந்து எண்ணெயை உடைத்து அமிலத்தைக் கூட்டும். ஆகவே பிடிவி நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கக் கூடாது, அமில எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆடி கடைசியில் மூடினேன். இந்த ஒரு வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அடிக்குழாயில் அரை லிட்டர் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அமில எண் 0.16, 0.19, 0.22, 0.26, போன வாரம் 0.31. பிடிவி 58ல் இருந்து 49க்கு வந்திருக்கிறது. மெக்கர் 120 இருந்தது, இப்போது 95. மார்கழி விடியலில் எண்ணெய் கொஞ்சம் தடித்தது, உறையவில்லை. பிசின் எங்குமே இல்லை. டியூப் மட்டும் வெயில் பட்டு வால்வு பக்கம் நுண்விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றினேன், நைட்ரஜனும் புதிதாக நிரப்பினேன்.

செலவு: எண்ணெய் 6,450, கேஸ்கட் 900, காட்ரிஜ் இரண்டு 760, டியூப் 320, நிப்பிள், ஹோஸ், வால்வு 540, நைட்ரஜன் 200. மொத்தம் 9,170 ரூபாய். ஆங்கிள், தகடு பட்டறையில் கிடந்தது. பம்பை இதில் சேர்க்கவில்லை, மற்ற வேலைக்கும் ஆகிறது. 45 லிட்டர் டிரான்ஸ்பார்மர் ஆயில் லிட்டர் 115 வீதம் 5,175 ரூபாய்க்கு முடிந்திருக்கும். வீணானது தனி: மில் கொடுத்த தேங்காய் எண்ணெய் 45 லிட்டர், முதல் சூரியகாந்தி 6,450 ரூபாய்.

அடுத்த செட்டுக்கு நான் மாற்றப்போவது இவை. டியூபுக்கு வெயில் படாமல் தகர மறைப்பு. டேப் போர்டைப் பக்கவாட்டில் வைக்காமல் மேல் மூடிக்கு ஏற்றிவிடலாம், எண்ணெய் மட்டத்துக்குக் கீழே கேஸ்கட்டே இல்லாமல். காப்பர் லக்குகளுக்கு டின் பூச்சு. எண்ணெயும் ஓலிக் கூடிய சூரியகாந்தியாகத் தேடுகிறேன், அது இவ்வளவு சீக்கிரம் காற்றில் காயாது. சில்லறையில் இன்னும் கிடைக்கவில்லை. தரவிதிப்படி தயாரான எஸ்டர் ஆயிலை (டிரான்ஸ்பார்மருக்கென்றே வரும் தாவர எண்ணெய்) டிரம் கணக்கில்தான் தருவோம் என்கிறார்கள். நாலு மில்காரர்கள் சேர்ந்தால் ஒரு டிரம் எடுக்கலாம், பேசிக்கொண்டிருக்கிறேன்.

அமில எண் 0.5ஐத் தொட்டால் எண்ணெயை மாற்றுவது என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டிருக்கிறேன். இப்போது ஏறும் வேகத்தில் இன்னும் ஒரு வருடம் தாங்கும். அடுத்த மாதிரி எடுக்க வேண்டிய தேதியை மூடியில் பெயிண்டால் எழுதி, செட்டை நேற்று களத்துக்கு அனுப்பிவிட்டேன்.